இரண்டு தட்டு, ஒரு தட்டு

பெருமை பாவம் என்று ஞாயிறு தவறாமல் கேட்டு வளர்ந்தவள் நான். கேட்டேனே தவிர, அது என்னை விட்டுப் போனபாடில்லை. மந்தைவெளியில் பிறந்து, மயிலாப்பூர் குளத்தைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டிப் பழகி, பாண்டி பஜாரைத் தாண்டினாலே வெளியூர் என்று நினைத்திருந்த ஒருத்தி, கணவரோடும் மூன்று வயது மகளோடும் மலாவிக்குப் போய், ஓர் ஏரிக்கரை மீனவர் ஊரில் பதினோரு வருடம் வேதபாடம் சொல்லிக்கொடுத்தாள் என்றால், அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கத்தான் செய்யும். எங்கள் சபையின் மிஷனரி கமிட்டி வரைபடத்தில் ஓரிடத்தைக் காட்டியது, நாங்கள் பெட்டியைக் கட்டினோம். கதை அவ்வளவு எளிமையாகத்தான் தொடங்கியது.

அங்கே எங்கள் நாள் படகுகளோடு தொடங்கும். இரவெல்லாம் விளக்கு வைத்து மீன் பிடித்த ஆண்கள் விடியற்காலையில் கரைக்கு வருவார்கள். என் கணவர் கவிழ்த்த படகு ஒன்றின்மேல் உட்கார்ந்து, வலையைப் பிரிக்கக் கைகொடுத்துக்கொண்டே அவர்களுக்குப் பாடம் சொல்வார். எனக்குப் பெண்களும் பிள்ளைகளும். நம் நெத்திலி போன்ற சின்ன மீனைத் தட்டிகளில் காயப்போட்டு முடித்துவிட்டு, அவர்கள் மூன்று மணிக்குத்தான் வருவார்கள். அதற்குள் தண்ணீர் தூக்குவது, மகளுக்குத் தமிழ் எழுத்து, சமையல் எல்லாம் முடிய வேண்டும். சமையல் என்றால் வெள்ளை மக்காச்சோள மாவில் களி. நம் கேழ்வரகுக் களிக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். முதல் மாதம் அதைப் பார்த்து அழுதேன். இப்போது மந்தைவெளியில் அது கிடைக்கவில்லையே என்று அலைகிறேன்.

பாடம் நடத்த எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தாலே தலை குனிந்துவிடும். அதனால் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, வேதத்தில் உள்ளதைக் கதையாகச் சொல்வேன். மறுநாள் அதை ஒருத்தி திருப்பிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் காவல். கதையில் இல்லாததைச் சேர்த்தால் இரண்டு முறை கை தட்ட வேண்டும். உள்ளதை விட்டுவிட்டால் ஒரு முறை. தட்டு விழுந்தால் சொல்பவள் நிறுத்தி, திருத்திக்கொண்டு மேலே போக வேண்டும், கோபப்படக் கூடாது. சொல்லிக்கொடுக்கிற எனக்கும் இதே சட்டம்தான் என்று முதல் நாளே வீறாப்பாகச் சொல்லிவைத்தேன்.

அந்த வீறாப்பு ஒரு வாரம் தாங்கியது. இரவு முழுக்க வலை போட்டும் ஒரு மீனும் அகப்படாத மீனவர்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் அவர்கள் கரையில் உட்கார்ந்து, மனம் உடைந்துபோய், வலைகளைக் கழுவினார்கள் என்றேன். முன்வரிசையிலிருந்து இரண்டு தட்டு விழுந்தது. தட்டியது ஒன்பது வயதுப் பெண். மீன் தட்டியிலிருந்து நேராக வந்திருந்தாள், கையெல்லாம் செதிள்.

"மனசு உடைஞ்சதுன்னு கதையில இருக்கா? மீன் கிடைக்காத அன்னிக்கும் வலையைக் கழுவித்தானே ஆகணும்? எங்க அப்பா பாட்டுப் பாடிக்கிட்டேதான் கழுவுவார்" என்று அவர்கள் மொழியில் கேட்டாள்.

புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். வலை இருந்தது, கழுவியது இருந்தது, மனம் உடைந்தது இல்லை. எத்தனை வருடமாக அந்தக் கதையைச் சொல்லி வந்தவள் நான்! வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கணவரிடம் அதைச் சொல்லும்போது என் குரலில் வெட்கம் இல்லை, பீற்றல்தான் இருந்தது என்று அவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

அந்த மீனவர் மகள் இப்போது சென்னையில் இருக்கிறாள். கெட்டிக்காரி. கல்வி உதவித்தொகை கிடைத்து, அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் நர்சிங் படிக்க வந்து இது மூன்றாம் வருடம். ஏழு மாதத்துக்கு முன் நாங்கள் விடுப்பு ஆண்டுக்காக ஊர் திரும்பி, மந்தைவெளியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தபோது, படியேறி வந்த முதல் விருந்தாளி அவள்தான். கதவைத் திறந்ததும், "இன்னா அமாயி, இவ்ளோ படி கீது, லிஃப்ட் இல்லியா?" என்றாள். அமாயி என்றால் அவர்கள் மொழியில் அம்மா. அந்த ஒரு சொல்லைத் தவிர மீதியெல்லாம் வார்டு ஆயாக்களிடமும் நோயாளிகளிடமும் கற்றுக்கொண்ட தமிழ். நாங்கள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கீழ்வீட்டு மாமி, "உங்காத்துக்கு வராளே அந்தப் பொண்ணு, அவ தமிழ் என் மாட்டுப்பொண்ணு பேசற தமிழை விட நன்னா புரியறது" என்று என்னிடம் சொன்னதுண்டு.

விடுப்பு என்று பெயரே தவிர, ஓய்வு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சபை: ஆழ்வார்பேட்டை, அசோக் நகர், வடபழனி. ஊழிய அறிக்கை என்பார்கள். கணவர் மடிக்கணினியில் படங்களை நகர்த்துவார், நான் பேசுவேன். சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, அங்கே மணி இரண்டு, ஏரிக்கரைப் பெண்களோடு போனில் பாடம். நாங்கள் கிளம்பி வந்ததிலிருந்து வகுப்பைப் பார்த்துக்கொள்வது அந்த மீனவர் மகளின் தாய். எங்கள் மகளுக்கோ இங்கே எதுவும் ஒட்டவில்லை. எந்த ஊர் என்று பள்ளியில் யாராவது கேட்டால், அந்த ஏரிக்கரை ஊரின் பெயரைத்தான் சொல்வாள். எப்போது திரும்பிப் போவோம் என்று வாரம் ஒரு முறையாவது கேட்பாள். எனக்கும் அதே கேள்விதான். நான் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கமிட்டி. எங்களை அனுப்பிய தாய்ச்சபை அடையாற்றில் இருக்கிறது. அங்கே நாங்கள் அறிக்கை கொடுத்த பிறகு, கமிட்டி கூடி, எங்களை மறுபடி அனுப்புவதா இல்லையா என்று முடிவெடுக்கும். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கமிட்டிச் செயலாளர் ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், எங்கள்மேல் பிரியம் உள்ளவர்.

"சிஸ்டர், இன்னொரு குடும்பம் வேற ஒரு நாட்டுக்குப் போகக் காத்துக்கிட்டிருக்கு. ரெண்டு பேரையும் அனுப்ப வசதி இல்ல. அங்க எவ்வளவு தேவை இருக்குன்னு கமிட்டிக்குத் தெரியணும். அந்த ரெண்டு போட்டோவைக் கண்டிப்பா காட்டுங்க" என்றார்.

அந்த இரண்டு போட்டோ எங்கள் அறிக்கையின் உயிர். முதல் படத்தில் ஒன்பது வயது மீனவர் மகள், கிழிந்த துணியும் அழுக்கு முகமுமாக. இரண்டாவதில் அவளே, மூன்று மாதம் கழித்து, வெள்ளைக் கவுன் போட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். முதல் படத்துக்கு என் குரல் இறங்கும், இரண்டாவதற்கு ஏறும். கைக்குட்டை எடுக்காத பெண்களை நான் பார்த்ததில்லை. இந்த முறை அதற்கு மேலும் ஒன்று செய்யத் திட்டம் போட்டேன். அவளையே நேரில் அழைத்துப் போய், படம் முடிந்ததும் மேடைக்குக் கூப்பிட்டு நிறுத்துவது. கமிட்டி அசந்துபோகும் என்று நினைத்தேன்.

அவளிடம் சொன்னபோது சந்தோஷமாகத் தலையாட்டினாள். "எங்க ஊரு படமெல்லாம் காட்டுவீங்கல்ல? பாத்து நாளாச்சு அமாயி, வரேன்."

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனம். பதினோரு வருடமும் அந்த ஊரைப் பற்றி இங்கே எழுதியதும் பேசியதும் தமிழில். அந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. அவர்களைப் பற்றி நான் சொல்வது அவர்கள் காதில் விழவே விழாது என்று எனக்கு அத்தனை பழகிப்போயிருந்தது. அவள் என் வீட்டில் உட்கார்ந்து வாரா வாரம் தமிழில் வாயாடிக்கொண்டிருந்தும், நான் சொல்வது அவளுக்குப் புரியும் என்பது ஒரு தடவைகூட என் மண்டையில் ஏறவில்லை.

அந்த ஞாயிறு ஆலயம் நிறைந்திருந்தது. கமிட்டிக்காரர்கள் முன்வரிசையில். அவள் எங்கள் மகளோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏரியைக் காட்டினோம், படகுகளைக் காட்டினோம், பிறகு அந்த முதல் படம். குரலை இறக்கி, உடுத்த நல்ல துணிகூட இல்லாமல் எங்களிடம் வந்த பிள்ளை என்று சொன்னேன். படம் மாறியது. "நாங்கள் கொடுத்த கவுனைப் போட்டுக்கொண்டு அவள் நிற்பதைப் பாருங்கள்" என்றேன்.

கடைசிப் பெஞ்சிலிருந்து இரண்டு தட்டு விழுந்தது.

மகிழ்ச்சியில் தட்டுகிறாள் என்று சபை நினைத்துக்கொண்டது. அது அவர்கள் ஊர் வழக்கமாக்கும் என்று சிலர் கூடச் சேர்ந்து தட்டினார்கள். முன்வரிசையில் செயலாளரும் திரும்பிப் பார்த்துப் புன்னகையோடு தட்டினார். அந்தக் கூட்டத்தில் அந்தத் தட்டுக்குப் பொருள் தெரிந்தவர்கள் நான்கே பேர். கணவரின் விரல் விசைமேல் அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார்.

நான் சிரித்துக்கொண்டே மேலே போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கைதட்டல் அடங்கும்வரை அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன், அதை ஒளிக்க விரும்பவில்லை. அந்தக் கவுன் அவள் தாய் தைத்தது. துணிக்காக அந்தத் தாய் ஒரு பருவம் முழுக்கக் கூடுதலாக மீன் காயவைத்தாள், எனக்கு அது நன்றாகத் தெரியும். முதல் வருடம் இங்குள்ள சபைகளுக்கு அனுப்பிய ஜெபக் கடிதத்தில் நான் அதைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஒவ்வொரு வருடமும் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதி, எந்த வருடமோ அந்தக் கவுனை நாங்கள் கொடுத்ததாக ஆக்கிவிட்டேன். கிழிந்த துணிக்கும் காரணம் இருந்தது. மீன் தட்டியில் வேலை செய்யும்போது யாரும் நல்ல துணி உடுத்த மாட்டார்கள்.

"மன்னிக்க வேண்டும், சொன்னதில் நான் ஒன்றைச் சேர்த்துவிட்டேன்" என்று மைக்கில் சொன்னேன். கவுன் யார் தைத்தது, முதல் படத்தில் ஏன் அந்தத் துணி என்று இரண்டையும் சொன்னேன். கைக்குட்டைகள் பாதி வழியில் நின்றன. ஆலயத்தில் ஒரு சலசலப்பு.

சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்து அடுத்த படத்துக்குப் போனேன். பெண்கள் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் படம். "மரத்தடியில் தொடங்கினோம், மழைக்காலத்தில் இந்த வராந்தாவுக்கு மாறினோம்" என்றேன்.

ஒரு தட்டு.

இந்தத் தட்டு எனக்கு முன்னதை விட அதிகமாக வலித்தது. அது யாருடைய வராந்தா என்று உங்களிடமும் நான் இதுவரை சொல்லவில்லை, பாருங்கள். அது ஓர் ஆலயத்தின் வராந்தா. நாங்கள் போய் இறங்குவதற்குப் பல காலம் முன்பே அந்த ஊரில் செங்கல் கட்டடமும் மணியுமாக ஓர் ஆலயம் இருந்தது. அவளுடைய தாத்தா அந்த மணியை அடித்தவர். போதகர் மாதத்துக்கு ஒரு முறை தூரத்திலிருந்து சைக்கிளில் வருவார். எங்களைப் பார்த்து முதலில் திகைத்து, பிறகு வராந்தாவைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். படம் எடுக்கும்போது மட்டும் நாங்கள் ஆலயம் பின்னால் தெரியாதபடி, ஏரி தெரிகிறபடி உட்காரவைப்போம். ஏரி அழகு என்று எங்களுக்கு நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம்.

அதையும் சொன்னேன். சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை. அங்கே இருந்தவர்கள் ஏற்கெனவே விசுவாசிகள், நாங்கள் செய்தது இவ்வளவுதான்: வாசிக்கத் தெரியாத பெண்கள் வேதக் கதைகளைக் கூட்டாமல் குறைக்காமல் தாங்களே சொல்லப் பழகினார்கள். இப்போது நாங்கள் இல்லாமலே வகுப்பு நடக்கிறது, முன்பைவிட அதிகம் பேர் வருகிறார்கள் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவளை மேடைக்குக் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு என்ன முகம் இருந்தது?

வெளியே தேநீர் கொடுக்கும் இடத்தில் செயலாளர் என்னைத் தேடி வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "எல்லாம் உண்மையாத்தான் சொன்னீங்க சிஸ்டர். ஆனா அவங்களே நடத்திக்கிறாங்கன்னா, நீங்க எதுக்கு மறுபடி போகணும்?" என்று கேட்டார். தேநீர் ஆறிப்போனது.

செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. எங்களைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. இன்னொரு குடும்பம் போகிறது. வெளிநாடு போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை என் கணவர் இங்கேயே பார்க்க வேண்டும் என்றார்கள். மகள் செய்தியைக் கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள், நான்கு நாள் என்னோடு பேசவில்லை. நான் அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறைதான். மீனவர் மகள்மேல் எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "தப்பு விழுந்த இடத்துலேயே தட்டணும்னு சட்டம் போட்டது நீதானம்மா. அவ மட்டும் அன்னிக்குத் தட்டாம இருந்திருந்தா, பதினோரு வருஷம் நீ என்னத்தைச் சொல்லிக்கொடுத்தேன்னு நான் கேட்டிருப்பேன்" என்றார்.

அன்று முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் காய் நறுக்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்நிய நாடு, அந்நிய மொழி, அவளுக்கு ஒருவரையும் தெரியாத ஓர் ஆலயம். அத்தனை பேர் நடுவில், தான் மதிக்கிற ஒருத்தியை அவள் நிறுத்தினாள். அவளுக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல்? என் வகுப்பிலிருந்துதான். கோபம் அடங்காமலே நெஞ்சு நிமிர்ந்தது. எத்தனையோ அறிக்கைகளில் எத்தனையோ சாட்சிகளைச் சொல்லியிருக்கிறேன், இதற்கு இணையாக ஒன்றும் இல்லை. என்ன செய்வது, இதைச் சொல்லி யாரையும் கைக்குட்டை எடுக்கவைக்க முடியாது.

சனிக்கிழமை மதியம் அவள் வந்தாள். பட்டினப்பாக்கத்தில் வாங்கிய நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. எங்கள் மகள் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள்.

"என்னாலதான் போவ முடியலன்னு கோவமா கீறீங்களா, அமாயி?"

"கோபம்தான். உள்ளே வா" என்றேன்.

தி.நகர் கடையில் கிடைத்த மஞ்சள் மக்காச்சோள மாவில்தான் களி கிண்ட வேண்டியிருந்தது. மஞ்சள் மாவு பஞ்ச காலத்தில் நிவாரணமாக வருவது, அதை யாராவது ஆசைப்பட்டுச் சாப்பிடுவார்களா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே அவள் கிண்டினாள். கருவாட்டைத் தக்காளி போட்டு வதக்கினேன். வாசனைக்கு எங்கள் மகள் அறையிலிருந்து வெளியே வந்து, நான்கு நாள் கழித்து என்னிடம் தட்டு கேட்டாள். நால்வரும் தரையில் உட்கார்ந்து, கையால் உருட்டிச் சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நேத்து அம்மாகிட்ட பேசிக்கினு இருந்தேன். கமிட்டி அனுப்பலன்னு சொன்னேன். அப்பால உங்ககிட்ட ஒன்னு கேக்கச் சொல்லிச்சு."

"என்ன?"

"என் படிப்பு அடுத்த வருஷம் முடியுது. நான் ஊருக்குப் போவ சொல்ல, நீங்க மூணு பேரும் என் கூட வரணுமாம். பாடம் எடுக்க இல்ல. பதினோரு வருஷமா நீங்க டீச்சராவே வந்தீங்க, டீச்சராவே போனீங்க. எங்க வூட்ல உங்களுக்கு ஒரு கோழி அடிச்சதில்ல. விருந்தாளி வந்தாத்தான் எங்க ஊர்ல கோழி அடிப்பாங்க. விருந்தாளியா வாங்கன்னு அம்மா சொல்லிச்சு."

என் மகள் என்னைப் பார்த்தாள், கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வருவோம் என்று சொல்லு என்றேன்.

பதினோரு வருடம் நான் வாழ்ந்த அந்த ஊரிலிருந்து எனக்கு வந்த முதல் அழைப்பு அது.